அது ஜெஃப்ரீஸ்தானா? ஐரிஷ் கலைஞர் கையில் இருக்கும் பழைய கான்செர்ட்டினாவை அடையாளம் காண்பது

கேள்வியைச் சுருக்கமாக இங்கே போட்டுவிடுகிறேன். அயர்லாந்தின் கிளேர் பகுதிக் கலைஞர் ஒருவர் கான்செர்ட்டினா, அதாவது இரண்டு கைகளாலும் துருத்தியை அழுத்தி இழுத்து வாசிக்கும் வாத்தியம், வாசிக்கும் வீடியோவைப் பார்த்திருக்கிறீர்கள். ஆறு பக்கம் கொண்ட சின்னப் பெட்டி, பொத்தான்கள் இருக்கும் இடத்தில் பளபளக்கும் தட்டையான உலோக முகப்பு, பொன் கோடு போட்ட கறுப்புத் துருத்தி, வெள்ளைப் பொத்தான்கள். "நூறு வருஷப் பழசு, ஜெஃப்ரீஸ் செய்தது" என்று உங்கள் நண்பர் அடித்துச் சொல்கிறார். அது உண்மையா, யார் செய்தது, எந்த வருஷத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வீடியோவை மட்டும் வைத்துக்கொண்டு வகையை நிச்சயமாகச் சொல்லலாம். செய்தவரை ஓரளவு ஊகிக்கலாம். வருஷத்தைச் சொல்ல முடியாது, அதைச் சொல்கிறவர் குருட்டாம்போக்கில்தான் சொல்கிறார். உங்கள் நண்பர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம், ஆனால் உலோக முகப்பைப் பார்த்த மாத்திரத்தில் ஜெஃப்ரீஸ் என்பது இந்த வாத்தியத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோருக்கும் இருக்கிற ஒரு பழக்கம், ஏனென்றால் அதுதான் பெரிய பெயர், அதுதான் விலை அதிகம். பெயரைக் கடைசியில் வைத்துக்கொண்டு மற்றதை முதலில் பாருங்கள் என்பேன்.

முதலில் கையைப் பாருங்கள். கான்செர்ட்டினாவில் மூன்று பெரிய வகைகள் உண்டு: இங்கிலீஷ், ஆங்லோ, டூயட். கட்டைவிரல் ஒரு சின்னத் தோல் வளையத்துக்குள் நுழைந்து, சுண்டுவிரல் ஒரு உலோகத் தகட்டில் தங்கியிருந்தால் அது இங்கிலீஷ். புறங்கைக்கு மேலே தோல்பட்டை ஓடி, நான்கு விரல்களும் பொத்தான்மேல் சுதந்திரமாக இருந்து, கட்டைவிரல் பட்டைக்கு வெளியே நின்றால் அது ஆங்லோவோ டூயட்டோ. ஐரிஷ் மரபிசையில் நீங்கள் பார்ப்பது அநேகமாக ஆங்லோதான். ஆங்லோவில் ஒரே பொத்தான் துருத்தியை அழுத்தும்போது ஒரு சுரமும் இழுக்கும்போது வேறொரு சுரமும் தரும், மவுத் ஆர்கனில் ஊதுவதும் உறிஞ்சுவதும் போல. அதனால்தான் அந்த வாசிப்பில் துருத்தி ஓயாமல் உள்ளும் வெளியும் துள்ளிக்கொண்டிருக்கும். மற்ற இரண்டு வகைகளில் எந்தப் பக்கம் போனாலும் பொத்தானுக்கு ஒரே சுரம், ஆகவே துருத்தி நீளமாக, நிதானமாகப் போகும். வீடியோவில் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால்கூட இது தெரிந்துவிடும்.

இதன் பின்னணி கொஞ்சம் தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகும். லண்டனில் சார்ல்ஸ் வீட்ஸ்டோன், மின்சாரம் படித்தவர்களுக்கு வீட்ஸ்டோன் பிரிட்ஜ் மூலம் தெரிந்த அதே ஆள், 1829இல் எடுத்த ஒரு காப்புரிமையிலிருந்து வளர்ந்ததுதான் இங்கிலீஷ் வகை. 1844இல் அதை மேம்படுத்தி இன்னொரு காப்புரிமை வாங்கினார். அதே காலத்தில், 1834வாக்கில், ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்தில் கார்ல் ஃப்ரீட்ரிக் ஊலிக் தனியாக ஒரு வாத்தியம் செய்தார். அதில்தான் அழுத்தினால் ஒன்று, இழுத்தால் ஒன்று என்ற முறை. இந்த ஜெர்மன் பெட்டிகள் மலிவாகக் கப்பல் ஏறி இங்கிலாந்துக்கு வந்து குவிந்தன. லண்டன் தொழிலாளிகள் பார்த்தார்கள், ஜெர்மன் விரல் முறையை எடுத்து இங்கிலீஷ் பெட்டியின் உறுதியான கட்டமைப்புக்குள் வைத்தார்கள். ஆங்லோ பிறந்த கதை இதுதான். அயர்லாந்தின் கிராமங்களுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவை இந்த மலிவு ஜெர்மன் பெட்டிகள். கைக்குப் பத்துப் பொத்தான், மொத்தம் இருபது. லண்டன் பெட்டிகள் பெரிய அளவில் வந்தது அப்புறம்தான், அதுவும் பலவும் பழைய சரக்காக.

இப்போது உங்கள் நண்பர் கேட்க மறந்த கேள்விக்கு வருவோம்: அது பழசுதானா? இன்று மேடையில் வாசிக்கும் ஐரிஷ் கலைஞர்கள் நிறையப் பேர் புதிதாகச் செய்த பெட்டிகளைத்தான் வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் சுட்னர், அமெரிக்காவின் கேரல், இங்கிலாந்தின் டிப்பர் போன்ற கைவினைஞர்கள் பழைய லண்டன் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, அளந்து, அதே மாதிரி செய்கிறார்கள். உலோக முகப்பு, பொன் அச்சுப் போட்ட துருத்தி எல்லாமே அந்தப் பழைய அழகுக்காக அப்படியே வைக்கப்படுபவை. அந்த மாதிரி ஒரு பெட்டி பத்து வருஷம் வாசிக்கப்பட்டால் வீடியோவில் 1900ஆம் வருஷத்துப் பெட்டி போலவே தெரியும். அதே சமயம் உண்மையான பழைய பெட்டிக்கு நிக்கல் முலாம் புதிதாகப் பூசி, துருத்தியையும் மாற்றியிருந்தால் நேற்றுச் செய்தது போலப் பளபளக்கும். ஆகவே பளபளப்பும் மங்கலும் வயசுக்குச் சாட்சி இல்லை. எனக்குத் தெரிந்து அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

சரி, பழசு என்றே வைத்துக்கொள்வோம். லண்டனில் செய்யப்பட்ட பழைய ஆங்லோ என்றால் நாலைந்து பெயர்கள்தான் பெரும்பாலும் வரும். லாக்கனல், ஜெஃப்ரீஸ், வீட்ஸ்டோன், கிராப், அப்புறம் ஜார்ஜ் ஜோன்ஸ். எண்ணிக்கையில் பார்த்தால் லாக்கனலுக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. லூயி லாக்கனல் சுவிட்சர்லாந்துக்காரர், முதலில் வீட்ஸ்டோனுக்காக வேலை செய்தவர், பிறகு தனியாகத் தொழில் நடத்தினார். 1861இல் இறந்தார். மனைவி எலிசபெத் கொஞ்ச காலம் நடத்தினார், 1873இல் தொழில் கைமாறி லாக்கனல் அண்ட் கோ ஆனது. 1930களில் மூடும்வரை செய்துகொண்டே இருந்தார்கள். ஆங்லோக்களுக்கு மட்டும் அவர்கள் போட்ட வரிசை எண்கள் 2 லட்சத்தை ஒட்டிப் போகின்றன. அதனால் ஒரு பழைய ஆங்லோவைக் கண்ணை மூடிக்கொண்டு ஊகிக்கச் சொன்னால் லாக்கனல் என்று சொல்வதுதான் புத்திசாலித்தனம்.

லாக்கனலை அடையாளம் காண்பதும் மற்றவற்றைவிட எளிது. சாதாரண மாடல்கள் மர முகப்பு: மலிவானவை மஹாகனி, கொஞ்சம் மேலானவை ரோஸ்வுட். முகப்பில் கொடிபோல வெட்டிய துளை வேலைப்பாடு இருக்கும், அதன் நடுவே ஒரு நீள்வட்டச் சாளரம். வலப்பக்கச் சாளரத்தில் பெயர்ச் சீட்டு, இடப்பக்கச் சாளரத்தில் வரிசை எண். சீட்டு பல பெட்டிகளில் உதிர்ந்துபோயிருக்கும், எண் நிற்கும். கைப்பட்டை பக்கத்தில் சிலவற்றில் ஒரு ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் உலோக நாக்கு) படத்தோடு இங்கிலாந்துத் தயாரிப்பு என்று முத்திரை இருக்கும். ஜெர்மன் சரக்கிலிருந்து தங்களை வேறுபடுத்திக் காட்டுவதற்காகப் போட்டது. எஃகு ரீடு என்று தனியாகப் பொறித்திருந்தால் அது பித்தளை ரீடு போட்ட மலிவு மாடல் இல்லை என்று பெருமையாகச் சொல்கிறார்கள். லூயி லாக்கனல் என்ற முழுப்பெயர் இருந்தால் 1873க்கு முந்தையது என்றும், அண்ட் கோ இருந்தால் பிந்தையது என்றும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வருஷத்தைச் சொல்வது எண்ணிலிருந்து கணக்குப் போட்டு ஊகிப்பதுதான், ஏனென்றால் இந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்கள் நம் கைக்கு வரவில்லை. இவர்களும் உலோக முகப்புப் போட்ட உயர்ந்த மாடல்களைச் செய்தார்கள், நடுப்பகுதி கொஞ்சம் மேடாக எழும்பிய முகப்பு. வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு ஜெஃப்ரீஸ் என்று சொன்னவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஜெஃப்ரீஸ் கதை வேறு மாதிரி. சார்ல்ஸ் ஜெஃப்ரீஸ் 1841இல் பிறந்து 1906இல் இறந்தவர், லண்டனின் பேடிங்டன் பகுதியில் பிரேட் தெருவில் கடை வைத்திருந்தார். ஆரம்பத்தில் அவர் விற்றவற்றில் கிராப் குடும்பத்தின் கைவேலை இருந்தது, பிறகு சொந்தமாகவும் மகன்களோடும் செய்தார். அவர் இறந்த பிறகு மகன்கள் ஜெஃப்ரீஸ் பிரதர்ஸ் என்ற பெயரில் கில்பர்ன் பகுதியிலிருந்து தொடர்ந்தார்கள். வீட்ஸ்டோனின் சீரோ லாக்கனலின் தொழிற்சாலை ஒழுங்கோ இங்கே கிடையாது. பெயரைத் துளை வேலைப்பாட்டுக்கு இடையே உலோகத்திலேயே குத்தியிருப்பார்கள்: சி. ஜெஃப்ரீஸ், மேக்கர். சிலவற்றில் பிரேட் தெரு முகவரியும் சேர்ந்து இருக்கும். வரிசை எண் பெரும்பாலும் கிடையாது. ஆகவே ஒரு ஜெஃப்ரீஸுக்கு வருஷம் சொல்ல வேண்டும் என்றால் முகவரியை, முகப்பின் வேலைப்பாட்டை, உள்ளே இருக்கும் பென்சில் குறிகளை, துருத்திக்கு ஒட்டிய காகித அச்சை எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் ஒரு பத்து இருபது வருஷ இடைவெளிக்குள் நிறுத்த முடியும். 1890வாக்கில் என்று யாராவது சொன்னால் அதை 1880களிலிருந்து 1906வரை எங்கோ என்று படித்துக்கொள்ளுங்கள்.

வெளியே தெரியும் அடையாளங்கள் என்று பார்த்தால், ஜெஃப்ரீஸில் முகப்பு அநேகமாகத் தட்டையான நிக்கல் முலாம் உலோகம், பழையவற்றில் எலும்புப் பொத்தான்கள், பின்னாளில் உலோகப் பொத்தான்கள். முப்பது பொத்தான் என்பது ஆங்லோவில் வழக்கமான அளவு, மூன்று வரிசை, பக்கத்துக்குப் பதினைந்து. ஜெஃப்ரீஸில் அதற்கு மேல் 38 வரை போகும் பெட்டிகள் நிறைய உண்டு. இடக் கட்டைவிரலுக்கு ஒரு தனிப் பொத்தான் வைத்திருப்பார்கள், அது தொடர்ந்து ஒலிக்கும் ஆதார சுரத்துக்கு. அதனால்தான் 31, 39 என்று ஒற்றைப்படை எண்ணிக்கைகள் கேள்விப்படுகிறீர்கள். வீடியோவில் கட்டைவிரல் பக்கம் ஒரு பொத்தான் தனியாக நிற்கிறதா என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். துருத்தியின் தோலில் பொன் அச்சுப் போடுவது இவர்களோடு சேர்ந்த அழகு. ஆனால் துருத்தி மாற்றக்கூடிய பாகம், புதுத் துருத்தி செய்பவர்கள் எல்லோரும் இந்தப் பொன் அச்சைத்தான் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள்.

வீட்ஸ்டோன் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் அங்கே தகவல் நிறையக் கிடைக்கிறது. கான்டியூட் தெரு முகவரி இருந்தால் 1905க்கு முந்தையது, வெஸ்ட் தெரு என்றால் அதற்குப் பிந்தையது. லினோட்டா என்ற பெயரில் அவர்கள் செய்த உயர்ந்த ஆங்லோக்கள் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஐரிஷ் வாசிப்பாளர்கள் ஜெஃப்ரீஸுக்குச் சமமாக, சிலர் அதற்கு மேலாகவே மதிப்பவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த ஆங்லோக்களில் ஐந்தில் தொடங்கும் ஐந்து இலக்க எண்ணைப் பார்ப்பீர்கள். அவற்றில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவுக்குப் போனது, அங்கே டச்சு வம்சாவளிப் போயர் மக்களின் நடன இசைக்கு. தரமும் அந்தக் காலத்தில் கொஞ்சம் இறங்கிவிட்டது. எண் கையில் இருந்தால் வருஷம் மட்டும் இல்லை, நாளே கிடைக்கலாம்: நிறுவனத்தின் பேரேடுகள் மிஞ்சியிருக்கின்றன, லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகம் அவற்றைப் படம் பிடித்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. நடுவில் 1890களின் தொடக்கத்திலிருந்து 1910வரை ஒரு பெரிய ஓட்டை. அந்த ஓட்டைக்குள் விழுந்த பெட்டி என்றால் அதிர்ஷ்டம் இல்லை என்று விட்டுவிட வேண்டியதுதான். அந்த அருங்காட்சியகமே 600க்கும் மேற்பட்ட கான்செர்ட்டினாக்களை வைத்திருக்கிறது, 1996இல் ஒரு தனிச் சேகரிப்பை மொத்தமாக வாங்கியது. பொழுதுபோகவில்லை என்றால் அவர்களுடைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள், ஒரு மாதத்தில் கண் பழகிவிடும்.

பக்க எண்ணிக்கையும் ஒரு துப்புத்தான், ஆங்லோவுக்கு அது அதிகம் உதவாது. எட்டுப் பக்கம் என்றால் வீட்ஸ்டோனின் ஏயோலா நினைவுக்கு வர வேண்டும், பன்னிரண்டு பக்கம் என்றால் லாக்கனலின் எடியோஃபோன். இரண்டும் பெரும்பாலும் இங்கிலீஷ் அல்லது டூயட் வகையில்தான் கிடைக்கும். ஐரிஷ் ஆள் கையில் இருப்பது ஆறு பக்கம்.

இனி காது. கலைஞர் எந்தச் சுரத்தை எந்தத் திசையில் எடுக்கிறார் என்று பார்த்தால் பொத்தான் அமைப்பு தெரியும். ஐரிஷ் மெட்டுகள், அதாவது ரீல், ஜிக் போன்ற நடன மெட்டுகள், பெரும்பாலும் டி, ஜி ஸ்கேல்களில் இருப்பவை. வாசிப்பதோ பெரும்பாலும் சி/ஜி ஆங்லோவில், அதாவது முக்கிய இரண்டு வரிசைகள் சி, ஜி ஸ்கேல்களில் அமைந்த பெட்டியில். அந்த டி ஸ்கேலுக்கு சி ஷார்ப் தேவை, அது பெட்டியின் முக்கிய இரண்டு வரிசைகளில் கிடையாது, மேல் வரிசையில் இருக்கிறது. வீட்ஸ்டோன் அமைப்பில் வலக்கை மேல்வரிசையின் முதல் பொத்தான் அழுத்தும்போது சி ஷார்ப், இழுக்கும்போது டி ஷார்ப். ஜெஃப்ரீஸ் அமைப்பில் முதல் பொத்தான் அதற்கு நேர்மாறு: இழுத்தால் சி ஷார்ப். அடுத்த பொத்தான் அழுத்தினால் சி ஷார்ப். ஆகவே ஜெஃப்ரீஸ் அமைப்பில் அந்தச் சுரம் இரண்டு திசையிலும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும், வேகமான டி மெட்டுகளில் துருத்தித் திசையை மாற்றாமலே போகலாம். கலைஞர் இழுக்கும்போது முதல் பொத்தானில் சி ஷார்ப் எடுக்கிறார் என்றால் ஜெஃப்ரீஸ் அமைப்பு. கவனியுங்கள், அமைப்பு என்றுதான் சொல்கிறேன். இன்று எந்தக் கைவினைஞரிடம் ஆர்டர் கொடுத்தாலும் எந்த அமைப்பு வேண்டும் என்று கேட்பார், பழைய வீட்ஸ்டோன் பெட்டியிலும் சில ரீடுகளை மாற்றி ஜெஃப்ரீஸ் அமைப்பாக்கிக்கொண்டவர்கள் உண்டு.

சுருதியும் பேசும். தனியாக வாசிக்கும்போது சிலர் பி ஃபிளாட்/எஃப் பெட்டியையோ ஏ ஃபிளாட்/இ ஃபிளாட் பெட்டியையோ எடுப்பார்கள். தாழ்ந்த சுருதியில் குரல் கனத்து, மென்மையாக வரும். சி/ஜி பெட்டியில் டி மெட்டுக்கு எப்படி விரல் போடுகிறாரோ அதே விரலை பி ஃபிளாட்/எஃப் பெட்டியில் போட்டால் சி ஸ்கேலில் கேட்கும், ஏ ஃபிளாட்/இ ஃபிளாட் பெட்டியில் பி ஃபிளாட்டில் கேட்கும். ஆகவே விரலையும் ஒலியையும் சேர்த்துப் பார்த்தால் பெட்டி எந்தச் சுருதி என்று கணக்குப் போட்டுவிடலாம். இந்தத் தாழ்ந்த சுருதிப் பெட்டிகள் ஜெஃப்ரீஸில் நிறைய உண்டு என்பதால் இது ஒரு சின்ன எடை கூட்டும் துப்பு. இன்னொன்று: விக்டோரியா காலத்து லண்டன் பெட்டிகள் இன்றைய 440 ஹெர்ட்ஸ் சுருதியில் செய்யப்படவில்லை. பழைய ஃபில்ஹார்மோனிக் சுருதி 452 ஹெர்ட்ஸை ஒட்டியது, கிட்டத்தட்ட அரை செமிடோன் கூடுதல். ஒரு தனி வாசிப்புப் பதிவு இப்படி நடுவில் தொங்கினால், பதிவின் வேகம் சரியாக இருந்தால், அது சுருதி மாற்றப்படாத பழைய பெட்டியாக இருக்க நல்ல வாய்ப்பு. ஃபிடில், புல்லாங்குழலோடு சேர்ந்து வாசிக்கிறார் என்றால் அந்தப் பேச்சே இல்லை, பெட்டியின் ரீடுகளை அரத்தால் ராவி 440க்குக் கொண்டுவந்திருப்பார்கள்.

தொனியை வைத்து ஜெஃப்ரீஸ் என்று சொல்பவர்களைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. ஜெஃப்ரீஸ் குரல் கூர்மையாக, கொஞ்சம் மூக்கால் வருவது போல, கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வரும் என்பது உண்மை. உலோக முகப்பும் அந்தக் கூர்மைக்கு உதவுகிறது, மர முகப்பு கொஞ்சம் அடக்கும். ஆனால் மைக் எங்கே வைத்தார்கள், அறை எப்படி, அப்புறம் வாசிப்பவர் துருத்தியை எவ்வளவு அழுத்துகிறார் என்பதெல்லாம் சேர்ந்துதான் நம் காதுக்கு வருகிறது. நல்ல கலைஞர் ஒருவரிடம் சுமாரான லாக்கனலைக் கொடுத்தால் அதையும் ஜெஃப்ரீஸ் போலப் பேச வைத்துவிடுவார்.

உண்மையான சாட்சியம் பெட்டிக்குள்ளே இருக்கிறது, அதை வீடியோ காட்டாது. வலம், இடம் ஒவ்வொரு முகப்பிலும் ஆறு நீள திருகுகள். அவற்றைக் கழற்றினால் முகப்பு தனியாக வரும், அடியில் நெம்புகோல்களும் தோல் ஒட்டிய அடைப்பான்களும். அதற்கும் கீழே ரீடுகள் செருகியிருக்கும் மரத்தட்டு. லண்டன் பெட்டியில் ஒவ்வொரு ரீடும் தனித்தனிப் பித்தளைச் சட்டத்தில் இருக்கும், அந்தச் சட்டம் மரத்தில் வெட்டிய ஓரம் சாய்ந்த பள்ளத்தில் வழுக்கிச் செருகப்பட்டிருக்கும். மலிவு ஜெர்மன் பெட்டியில் ஒரே நீளத் தகட்டில் பல ரீடுகள். இப்போதைய நடுத்தர விலைப் பெட்டிகள் பலவற்றில் அக்கார்டியன் ரீடுகள். இதை ஒரு தடவை பார்த்துவிட்டால் மூன்றையும் எந்தக் காலத்திலும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். ஆர்மோனியம் ரிப்பேர் செய்தவர்களுக்கு ரீடு அடையாளம் தெரியும், சட்டத்தில் ஒரு முனை பதிந்து மறுமுனை அதிரும் அதே நாக்குதான். நெம்புகோலைப் பாருங்கள்: அது ஒரு தூணில் சும்மா கொக்கி போட்டதுபோல நின்றால் லாக்கனல் வேலை, ஆணி அடித்து நன்றாகச் சுழலும்படி பொருத்தியிருந்தால் ஜெஃப்ரீஸ், வீட்ஸ்டோன், கிராப் பக்கம். இந்த ஒரு விஷயம் மட்டும் வெளிப்பெயரைவிட நம்பிக்கையானது.

எண்கள் உள்ளேயும் பல இடங்களில் குத்தப்பட்டிருக்கும், இரண்டு முகப்பிலும், மரத்தட்டுகளிலும், துருத்திச் சட்டத்திலும். எல்லாம் ஒரே எண்ணா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஒரு எண்ணும் மறுபக்கம் இன்னொன்றும் இருந்தால், இரண்டு உடைந்த பெட்டிகளிலிருந்து ஒன்று கட்டியிருக்கிறார்கள். வாசிக்க அது மோசம் என்று அர்த்தம் இல்லை, ஆனால் அடையாளம் சொல்வதில் அர்த்தமே மாறிவிடும். இதேபோல வெளியே இருக்கும் பெயர் செய்தவர் பெயர்தானா என்ற சந்தேகமும் வர வேண்டும். கீத் ப்ரவுஸ், பால் பீவன் என்றெல்லாம் பெயர் இருந்தால் அவை விற்ற கடைகள், செய்த பட்டறைகள் அல்ல. உள்ளே லாக்கனலோ கிராபோ இருக்கும். கிராப் தங்கள் பெயர் போடாமலே நிறையச் செய்து கொடுத்தவர்கள். லண்டன் லிவர்பூல் சாலையில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பம். பெயரே இல்லாத நல்ல உலோக முகப்புப் பெட்டி கிடைத்தால் அது கிராபாகவோ ஜெஃப்ரீஸாகவோ இருக்க வாய்ப்பு, அந்த இரண்டுக்கும் நடுவில் கோடு போடுவது நிபுணர்களுக்கே தகராறு. விலை வித்தியாசம் பெரிது என்பதால், பெயரில்லாத பெட்டியில் பிற்காலத்தில் யாரோ ஜெஃப்ரீஸ் என்று குத்திய கதைகளும் உண்டு. குத்திய எழுத்தின் விளிம்பு நிக்கல் முலாத்துக்கு அடியில் இருக்கிறதா, முலாத்தைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள்.

எந்தத் தலைமுறைக் கலைஞர் என்பதும் கொஞ்சம் உதவும். 1926இல் ரெக்கார்டு போட்ட வெஸ்ட்மீத் மாவட்டத்து வில்லியம் முல்லாலி காலத்தில், கிராமங்களில் இருபது பொத்தான் பெட்டிகள்தான் பரவலாக இருந்தன. கிளேரின் பேடி மர்ஃபி, 1913இல் பிறந்தவர், முல்லாலியின் ரெக்கார்டுகளைக் கேட்டு மூன்று வரிசைகளுக்கும் குறுக்கே விரலோட்டும் முறையை வளர்த்தெடுத்தார், அதற்கு முப்பது பொத்தான் பெட்டி வேண்டும். கில்ரஷ் ஊரின் எலிசபெத் கிராட்டி அம்மாவை 1950களில் ஐரிஷ் வானொலிக்காகக் கீரன் மாக் மாஹூனா பதிவு செய்தபோது இந்த வாத்தியம் கிட்டத்தட்ட மறக்கப்படும் நிலையில் இருந்தது. அதற்குப் பிறகுதான் லண்டனில் வேலைக்குப் போன ஐரிஷ்காரர்கள் பழைய கடைகளிலிருந்து ஜெஃப்ரீஸும் வீட்ஸ்டோனும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஆக, வயதான கலைஞர் 1950, 60களில் வாங்கிய பெட்டியையே இன்னும் வாசிக்கிறார் என்றால் அது பழசாக இருக்க வாய்ப்பு அதிகம். இளம் கலைஞர் என்றால் நவீனப் பெட்டிக்குத்தான் முதலிடம் கொடுப்பேன், பழையது குடும்பத்தில் வந்தது என்று அவரே சொன்னால் ஒழிய.

இப்போது உங்கள் வீடியோ. ஆறு பக்கம், தட்டையான உலோக முகப்பு, வெள்ளைப் பொத்தான், பொன் அச்சு, கையில் பட்டை. துருத்தியும் ஓயாமல் துள்ளினால் ஆங்லோ என்பது உறுதி. தட்டையான உலோக முகப்பும் எலும்புப் பொத்தானும் சேர்ந்து வருவது ஜெஃப்ரீஸ், கிராப் பக்கமே சாய்கிறது. வெள்ளை என்பது எலும்பா, இன்றைய பிளாஸ்டிக்கா என்பது வீடியோவில் தெரியாது, அதனால் நவீனப் பெட்டி என்ற சாத்தியமும் முழுசாக இருக்கிறது. கட்டைவிரல் பொத்தான் தெரிந்தால், சி ஷார்ப் இழுப்பில் வந்தால், சுருதி 440க்கு மேலே தொங்கினால், இவை மூன்றும் சேர்ந்தால் உங்கள் நண்பருக்கு ஜெயம் என்று பாதி ஒப்புக்கொள்வேன். ஒன்றும் இல்லை என்றால் ஜெஃப்ரீஸ் மாதிரி என்று மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள்.

மேலே போக வேண்டும் என்றால் கலைஞரையே கேட்பதுதான் நேர்வழி. இந்த வட்டத்தில் இருப்பவர்கள் தங்கள் பெட்டியைப் பற்றிப் பேச அலுக்கவே மாட்டார்கள். கோடையில் கிளேரின் மில்டவுன் மால்பேயில் நடக்கும் வில்லி கிளான்சி கோடைப் பள்ளிக்குப் போனால், பத்துப் பேர் பெட்டியை நீட்டிக் காட்டுவார்கள். கேட்கும்போது என்ன பிராண்ட் என்று மட்டும் கேட்காதீர்கள். வரிசை எண் உண்டா, முகவரி குத்தியிருக்கிறதா, எந்தச் சுருதி, எத்தனை பொத்தான், எப்போது யாரிடம் வாங்கியது, துருத்தி மாற்றப்பட்டதா, ரீடு அசலா, இவ்வளவும் கேளுங்கள். பெட்டியைத் திறந்த ஒரு படம் கிடைத்தால் அதை எனக்கு அனுப்புங்கள், நெம்புகோலையும் ரீடு சட்டத்தையும் பார்த்துச் சொல்கிறேன். திருகுகளை நீங்களே கழற்றப் பார்க்க வேண்டாம், பழைய மரம், பழைய திருகு, நூறு வருஷமாக ஒரே பள்ளத்தில் இருந்தது. சரியான அளவு திருப்புளி இல்லாமல் தொட்டால் மரை நசுங்கும். மேலும் ஆறு திருகுகளும் தத்தம் பள்ளத்துக்கே திரும்பப் போக வேண்டும், கலந்துவிட்டால் சில இறுகும், சில பிடிக்காது.